ஊசிக்கு முன்னால் விளக்கம்: குழந்தைத் தடுப்பூசி குறித்த நிலைப்பாடு

பெற்றோரின் கேள்விக்குப் பதில் சொல்வதிலிருந்தே தடுப்பூசிப் பணி தொடங்க வேண்டும் என்பது இச்சங்கத்தின் நிலைப்பாடு.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. ஒன்பது மாதக் குழந்தை முதல் 15 வயதுக்குட்பட்ட மாணவர் வரை எல்லோருக்கும் ஊசி, பெரும்பாலும் பள்ளிகளிலேயே. ஆனால் விளக்கம் வீடுகளை எட்டும் முன்பே வாட்ஸ்அப்பில் வதந்தி எட்டிவிட்டது. பெற்றோர் பலர் தயங்கினார்கள். முகாம் மார்ச்சுக்கும் நீண்டது.

அந்தத் தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்குவதைச் சங்கம் ஏற்கவில்லை. ஏற்கெனவே தட்டம்மை ஊசி போட்ட பிள்ளைக்கு மறுபடியும் ஏன், பையனுக்கு ரூபெல்லா ஊசி எதற்கு என்பவை நியாயமான கேள்விகள். முதல் தவணையில் எதிர்ப்பாற்றல் உருவாகாத குழந்தைகள் உண்டு. ரூபெல்லா பையனுக்கு லேசான காய்ச்சலோடு போய்விடலாம். அவனிடமிருந்து கர்ப்பிணிக்குத் தொற்றினால், சிசுவுக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு ஏற்படலாம். இவ்வளவையும் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

சொல்ல வேண்டியது என்ன என்பதும் புதிதல்ல. எந்த நோய்க்கு எந்த ஊசி, என்ன பக்கவிளைவு வரலாம், அடுத்து எப்போது வர வேண்டும், தாய் சேய் நல அட்டையைப் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவர வேண்டும் ஆகிய நான்கு செய்திகளைச் சொல்லும்படி கிராம சுகாதார செவிலியர்களுக்கு ஏற்கெனவே பயிற்சி தரப்படுகிறது. தடுப்பூசி நாளான, கூட்டம் நெருக்கும் புதன்கிழமைகளில் முதலில் விடுபடுவதும் இவைதான்.

இப்படி விடுபடுவதன் விலை சிறியதல்ல. ஆறாவது வாரம் பென்டாவேலன்ட் என்ற கூட்டுத் தடுப்பூசி போட்ட இரவு குழந்தைக்குக் காய்ச்சல் வரலாம், தொடை வீங்கலாம். இதை முன்பே கேட்டறிந்த தாய், செவிலியர் சொன்ன அளவில் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு, பத்தாவது வாரமும் வருவார். கேட்டறியாதவருக்கு அந்த ஒரு இரவே அடுத்த தவணையைத் தவிர்க்கக் காரணமாகிவிடும்.

ஆகவே சங்கம் மூன்றைக் கோருகிறது.

ஒன்று: நான்கு செய்திகளும் ஊசிக்கு முன்பே சொல்லப்பட வேண்டும், புரிந்ததைப் பெற்றோர் தம் சொற்களில் திருப்பிச் சொல்லக் கேட்க வேண்டும். அதற்கான நேரம் கிடைக்க, செவிலியரின் பதிவேட்டு வேலையைப் பகிர இன்னொருவர் வேண்டும்.

இரண்டு: பள்ளியில் ஊசி போடுவதற்கு ஒரு வாரம் முன்பாவது பெற்றோர் கூட்டம் நடத்தி, எளிய தமிழில் அச்சிட்ட விளக்கத்தைத் தர வேண்டும்.

மூன்று: வலிப்பு, மூச்சுத்திணறல், நிற்காத அழுகை போன்ற அபாய அறிகுறிகளும், இரவிலும் அழைக்கக்கூடிய தொலைபேசி எண்ணும் ஒவ்வொரு தடுப்பூசி அட்டையிலும் இடம்பெற வேண்டும்.