எஃகுக் கல்வியும் தமிழ்த்துறையின் கடமையும்

இரும்பு தமிழருக்குப் புதிய பொருளன்று. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த மாதிரிகளைக் காலக்கணிப்புச் செய்து, கி.மு. 4-ஆம் ஆயிரத்தாண்டின் முற்பகுதியிலேயே இம்மண்ணில் இரும்பு வழங்கியது என்று தமிழ்நாடு அரசு 2025 சனவரியில் அறிக்கை வெளியிட்டது. 'எஃகு' என்னும் சொல்லோ சங்க நூல்களிலேயே பயில்கின்றது. இச்செய்திகளை மேடைதோறும் கேட்டு மகிழ்கின்றோம். மகிழ்ச்சி தக்கதே. ஆயினும் இன்று எஃகினால் ஒரு பாலத்தையோ ஆலைக் கொட்டகையையோ வடிவமைக்கக் கற்கும் தமிழ் மாணவன், அப்பாடத்தை விளங்கிக்கொள்ளத் தமிழில் என்ன கிடைக்கின்றது என்ற வினாவை அம்மேடைகளில் எவரும் எழுப்பக் காணோம்.

தமிழ்த்துறை மலரில் இப்பொருள் எதற்கு என ஐயுறுவோர் இருக்கலாம். நம்முடையது கலை அறிவியற் கல்லூரியே. பொறியியல் ஈண்டுக் கற்பிக்கப்படுவதில்லை. எனினும் நம் மாணவர்தம் உடன்பிறந்தோரும் உறவினரும் எங்கே பயில்கின்றனர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இராசபாளையம், திருவில்லிபுத்தூர்ப் பகுதியையே எடுத்துக்கொள்வோம். பி.ஏ.சி. இராமசாமி ராஜா அவர்கள் இராசபாளையம் மில்லைத் தொடங்கிய 1930-களிலிருந்து அவ்வூர் நூற்பாலை ஊராக வளர்ந்தது. அவர் பெயரிலேயே அங்கொரு பாலிடெக்னிக் இயங்குகின்றது. 2013-இல் ராம்கோ பொறியியற் கல்லூரி எழுந்தது. திருவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் 1984-இல் தொடங்கப்பெற்ற கலசலிங்கம் பொறியியற் கல்லூரி இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக விளங்குகின்றது. ஒரு நகரப் பேருந்துப் பயணத்திற்குள் இத்தனை தொழில்நுட்பக் கல்விக்கூடங்கள் அமைந்த சிற்றூர்ப் பகுதிகள் மிகச் சிலவே. இவற்றில் சேரும் பிள்ளைகளுள் கணிசமானோர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் பயின்றவர்கள்.

எம் குடும்பத்தைச் சார்ந்த இளைஞர் ஒருவர் கட்டடப் பொறியியல் பயில்கின்றார். எஃகுத் தூண் நீளமாக இருந்தால் ஏன் குறைந்த சுமையையே தாங்குகின்றது என அவரிடம் வினவினோம். அட்டவணையில் அவ்வாறு உள்ளது என்றார். அருகிலிருந்த அவருடைய தாய்மாமன் நகைத்தார். அவர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். சவூதி அரேபியாவில் பதினெட்டு ஆண்டுகள் இரும்புப் பணிமனையில் உழைத்துத் திரும்பி, இப்போது வீடுகளுக்குக் கதவும் கிரில்லும் செய்து தருகின்றார். "நீளமா இருந்தா நடுவுல நெளிஞ்சிரும் மருமவனே. நடுவுல ஒரு பிடி குடுத்துப் பாரு, அசையாம நிக்கும்" என்றார். மருமகனுக்குச் சூத்திரம் தெரிந்திருந்தது, காரணம் தெரியவில்லை. மாமனுக்குக் காரணம் தெரிந்திருந்தது, சூத்திரம் தெரியாது. ஒரே இல்லத்தில் வாழும் இவ்விருவர்க்கும் இடையே நிற்பது மொழிச்சுவரே என்பது எம் துணிபு.

அம்மாமன் கூறியதைச் சற்று விரித்துரைப்போம். திருவில்லிபுத்தூர்க் கோபுரம் பதினொரு நிலைகளோடு வானளாவி நிற்பது அதன் பருமனாலும் எடையாலும் ஆகும். மேலிருந்து அழுத்தும் சுமையை அகன்ற அடிப்பகுதி வாங்கிக்கொள்கின்றது. எஃகின் இயல்பு வேறு. அது மிகு வலிமையுடையது. ஆகவே மெலிந்த உறுப்புகளாகவே பயன்படுகின்றது. மெலிந்த உறுப்பை மேலிருந்து அழுத்தினால், நசுங்குவதற்கு நெடுமுன்பே அது பக்கவாட்டில் நெளிந்துவிடும். மாணவர் ஒருவர் தம் அடிக்கோலை மேசைமீது செங்குத்தாக நிறுத்தி உள்ளங்கையால் அழுத்தினால் இதனைக் கண்ணாரக் காணலாம். நீளம் இருமடங்கானால் நெளியாமல் தாங்கும் சுமை கால்பங்காகக் குறையும். நடுவில் பக்கவாட்டில் அசையாதவாறு பிடித்தால் அச்சுமை நான்கு மடங்காகும். 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் என்னும் கணித மேதை வகுத்த விதி இதுவே. இதனைத் தமிழில் சொல்ல எச்சொல்லும் நமக்குத் தடையாக வரவில்லை என்பது நோக்கற்பாலது.

கற்றற்குரிய கருவிகள் நாட்டில் இல்லை என்று கூறுதல் பொருந்தாது. 1996-இல் கல்கத்தாவில் அமைந்த எஃகு வளர்ச்சி நிறுவனம், 'இன்ஸ்டாக்' எனச் சுருக்கமாக வழங்கப்பெறுவது, எஃகு வடிவமைப்பைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கென்றே விரிவான பாடத் தொகுதியை உருவாக்கியது. மாணவர்க்கான வடிவமைப்புப் போட்டிகளையும் அது நடத்தி வந்துள்ளது. இந்தியத் தர விதி ஐ.எஸ். 800 என்பது 2007-இல் புதிய கோட்பாட்டின்படித் திருத்தப்பெற்றது. அவ்விதியை ஒட்டிய 'ஆஸ்டாக்' என்னும் கணினி மென்பொருளை மும்பை ஐ.ஐ.டி. உருவாக்கி எவர்க்கும் விலையின்றி வழங்குகின்றது. இரு உறுப்புகள் கூடும் இணைப்பைத் திரையில் சுற்றிச் சுற்றிக் காட்டுவது அதன் சிறப்பு. என்.பி.டெல். விரிவுரைகளும் இலவசமே. இவற்றைப் பற்றி அறியாத மாணவர் உளர் எனில், அது விளம்பரக் குறைவே, எளிதில் தீரும்.

தீராத குறை வேறு. இவை அனைத்தும் ஆங்கிலத்தில் பிறந்தவை. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியபோது நாம் பெரிதும் மகிழ்ந்தோம். ஆனால் வகுப்பைத் தொடங்குவது ஓர் ஆணையால் நிகழும். நல்ல பாடநூல் ஆணையால் பிறவாது. பிறக்கும் நூல்களிலும் ஒரு குற்றம் உண்டு. பட்டறையில் எவரும் வழங்காத, அகராதியிலிருந்து ஒட்டிச் சேர்த்த சொற்கள் நிறைந்து, ஆங்கில நூலைவிடக் கடினமாகி விடுகின்றன. இதில் நம் போன்ற தமிழாசிரியர்க்கும் பங்குண்டு என்பதை மறைத்தல் ஆகாது.

மொழி இவ்வளவு முதன்மையானதா என வினவுவோர்க்கு அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றைச் சுட்டுவோம். 1981 சூலை 17 அன்று கன்சாஸ் நகர விடுதி ஒன்றில், கூரையிலிருந்து இரும்புத் தண்டுகளால் தொங்கவிடப்பட்டிருந்த நடைபாலங்கள் வீழ்ந்து 114 பேர் மாண்டனர். ஒன்றன்கீழ் ஒன்றாக இரு பாலங்கள். நீண்ட ஒரே தண்டு இரண்டையும் தாங்குவதாக முதலில் வரையப்பட்டது. பணியின் எளிமை கருதித் தண்டை இரண்டாகப் பிரித்தனர். கீழ்ப்பாலம் மேற்பாலத்திலிருந்து தொங்கியது. கிணற்றுக் கயிற்றை இருவர் தனித்தனியே பற்றித் தொங்குவதற்கும், ஒருவர் கயிற்றைப் பற்ற மற்றவர் அவர் காலைப் பற்றித் தொங்குவதற்கும் உள்ள வேறுபாடு இது. கயிற்றின் சுமை மாறவில்லை. மேலே உள்ளவர் கைப்பிடியின் சுமை இருமடங்காயிற்று. முதல் வரைபடமே விதி கோரிய வலிமையை எட்டவில்லை என்பதும் பின்னர்த் தெரிந்தது. ஆயினும் மாற்றம் கேட்ட பணிமனையும் அதனை ஏற்ற பொறியாளரும் அந்த இணைப்பைக் குறித்துத் தெளிவுறப் பேசியிருப்பின் அத்தவறு அங்கேயே வெளிப்பட்டிருக்கும்.

இணைப்பே எஃகுக் கட்டுமானத்தின் உயிர்நிலை. தாளில் பார்த்து அறிவதற்கு மிக அரியதும் அதுவே. இதனை உணர்ந்த டுவேன் எல்லிஃபிரிட் என்னும் பேராசிரியர், 1986-இல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் பலவகை இணைப்புகளை ஒன்றாக்கி ஓர் எஃகுச் சிற்பத்தை நிறுத்தினார். மாணவர் அதனைச் சுற்றி வந்து, தொட்டுப் பார்த்துக் கற்றனர். இன்று அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் அத்தகைய சிற்பங்கள் நிற்கின்றன. இராசபாளையத்தில் இதனைச் செய்யப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. ஆங்கிள், சேனல், ஐ பீம் ஆகியவற்றின் வெட்டுத்துண்டுகள் பட்டறைகளில் கிடக்கின்றன. மூலைமட்டமும் ரசமட்டமும் பிடித்துப் பழகிய கைகளும் அங்கேயே உள்ளன. நூற்பாலைகளோ, பொறியியற் கல்வி நிலையங்களோ, செல்வம் படைத்த நம் சமுதாயப் பெரியோரோ ஒரு சிறு பொருளுதவி செய்தால் போதும்.

வளைகுடாவிலிருந்து திரும்பியோரை இவ்விடத்தில் சிறப்பாகக் குறிப்பிட விழைகின்றோம். பெரும் எண்ணெய் ஆலைகளையும் விமான நிலையங்களையும் எழுப்பியவர்கள் நம் தெருக்களில் கிரில் கம்பி வளைத்துக் கொண்டிருக்கின்றனர். பொறியாளரின் வரைபடத்தை விரித்து வைத்து வேலை செய்து பழகியவர் அவர்களுள் பலர். பருவத்துக்கு இருமுறையேனும் அவர்களைப் பொறியியல் வகுப்புகளுக்கு மதிப்போடு அழைத்து, உரிய ஊதியமும் அளித்துப் பேசச் செய்தல் வேண்டும். பட்டமில்லாதவரை வகுப்பறையில் ஏற்றுவதா எனத் தயங்குவோர், டாக்காவில் பிறந்து சிகாகோவில் 442 மீட்டர் உயரச் சியர்ஸ் கோபுரத்தை 1973-இல் நிமிர்த்திய பஸ்லூர் ரகுமான் கானின் வரைபடங்களையும் பற்றவைப்போரும் பொருத்துவோருமே கட்டடமாக்கினர் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

நம் துறை செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஓட்டு வீடு கட்டிய தச்சர் வழங்கிய உத்தரம், விட்டம், கைமரம், வரிச்சு, சட்டம் ஆகிய சொற்கள் இன்னும் வழக்கிறந்து போகவில்லை. இவற்றுள் எவை எஃகு உறுப்புகளுக்குப் பொருந்தும் என்பதைப் பொறியியல் ஆசிரியர்களோடு அமர்ந்து ஆராய்தல் வேண்டும். பொருந்தாத இடத்தில் போல்ட், வெல்டிங், டிரஸ் என்பவற்றை அப்படியே ஏற்பதில் இழுக்கில்லை. இக்கல்வியாண்டிலேயே இப்பணி தொடங்குகின்றது. இராசபாளையம், திருவில்லிபுத்தூர்ப் பகுதி மாணவர்கள் விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், பற்றவைப்புப் பட்டறை ஒன்றில் அரை நாள் அமர்ந்து, அங்கே வழங்கும் சொற்களையும் அவை சுட்டும் பொருளின் சிறு படத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்து துறையில் ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கின்றோம். கூறியவர் பெயரையும் ஊரையும் மறவாது குறித்தல் வேண்டும். தொகுப்பு அச்சேறும்போது அவர்கள் பெயர்கள் முதற்பக்கத்தில் இடம்பெறும்.