தெருப் பயத்துக்குச் சூரணம் இல்லை!

"டாக்டர், ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடுது. அப்புறம் பொட்டுத் தூக்கம் இல்லை. அமுக்கரா ஏதாவது கொடுங்களேன்" என்று கேட்டு வருகிற தாய்மார்கள் இப்போது அதிகம். நாடி பார்த்துவிட்டு நாலு வார்த்தை பேசினால் விஷயம் வெளியே வரும். பக்கத்துத் தெருவில் யாரோ ஓர் அம்மாவிடம் சங்கிலியைப் பறித்துவிட்டார்களாம். இல்லையென்றால், பூட்டியிருந்த வீட்டில் பீரோவை உடைத்துவிட்டார்களாம். அன்று முதல் மாலை ஆறு மணிக்கே கதவைச் சாத்திவிடுகிறார்கள். நடைப்பயிற்சி நின்றுபோகிறது. அடங்கியிருந்த சர்க்கரை மறுபடி தலை தூக்குகிறது.

பயம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. கழுத்தைச் சுற்றிச் சிவந்த கோடு விழுந்து வந்தவர்களுக்கு மருந்து போட்டிருக்கிறேன். சங்கிலி சட்டென்று அறுந்தால் தேவலை. அறுபடாவிட்டால் ஆளையே தரையில் இழுத்துத் தள்ளிவிட்டுப் போகிறான். அறுபது வயதில் அப்படி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பிறகு எழுந்து நடமாடுவது பெரும்பாடு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இந்தப் பறிப்பைத் தனிக் குற்றமாகவே 304-வது பிரிவில் வைத்து, மூன்று ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம் என்று சொல்லியிருக்கிறார்கள். விளையாட்டு விஷயமில்லை.

ஆனால் பயத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா? ஒரு திருட்டு நடந்தால் எட்டு வாட்ஸ்அப் குழுவிலிருந்து எட்டுத் தடவை வருகிறது. படிக்கிறவர் மனதில் அது எட்டுத் திருட்டாகப் பதிகிறது! "நம்ம ஏரியாவில் குற்றம் ஏறிப்போச்சு சார், பேப்பரிலேயே கணக்குப் போட்டிருக்கான்" என்பார்கள். அந்தக் கணக்கு எப்படி வருகிறது என்று பாருங்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடுவது, காவல் நிலையத்தில் பதிவான வழக்குகளின் எண்ணிக்கை. நம் ஊரில் செல்போன் போனால் பலர் புகாரே கொடுப்பதில்லை. கொடுத்தவர்களிலும் சிலர் சி.எஸ்.ஆர். என்கிற மனு ரசீதோடு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். எஃப்.ஐ.ஆர். போடாத வரை அது வழக்குக் கணக்கில் ஏறாது. பிடிவாரண்டு இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகார் சொன்னால், வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒழுங்காகப் பதிகிற நிலையத்தில் எண்ணிக்கை கூடித்தான் தெரியும். ஓர் ஊரில் இலவச சர்க்கரை முகாம் நடத்திப் பாருங்கள், அந்த வாரமே சர்க்கரை நோயாளிகள் கூடிவிடுவார்கள். நோய் என்ன அந்த வாரமா வந்தது?

சித்த மருத்துவத்தில் அடக்கக் கூடாத வேகங்கள் பதினான்கு என்று கல்லூரி நாளில் மனப்பாடம் செய்திருக்கிறோம். அதில் நித்திரையும் ஒன்று. அதை அடக்கினால் தலை பாரம், கண் சிவப்பு. சிறுநீரும் அதில் ஒன்று. கொல்லைப்புறக் கழிவறைக்கு இருட்டில் போகப் பயந்து, சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காமல், விடிகிற வரை அடக்கிவைத்துக்கொண்டு நீர்க்கடுப்போடு வருகிற பாட்டிமார்கள் உண்டு. திருடன் அந்த வீட்டு வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டான்!

என்னுடைய கட்சி இதுதான்: நாம் உள்ளே பூட்டிக்கொள்ளப் பூட்டிக்கொள்ளத் தெரு காலியாகிறது. காலித் தெருதான் பைக்கில் வருகிறவனுக்கு வசதி. முன்பு திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். புதுமுகம் நுழைந்தால் "யாருங்க, யார் வீட்டுக்கு?" என்று ஒரு குரல் வரும். அந்தத் திண்ணைகளை இடித்து கார் நிறுத்த இடம் செய்தாகிவிட்டது. இப்போது கேமரா வைக்கிறோம். வைக்கட்டும், நடந்த பிறகு ஆளைக் கண்டுபிடிக்க அது போலீசுக்கு நன்றாகவே உதவுகிறது. ஆனால் விழுந்து கிடக்கிற அம்மாவை அது தூக்கிவிடாது.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது ஒன்று உண்டு. பாதுகாப்பு என்று சொல்லிக் குடியிருப்புச் சங்கங்கள் முதலில் விரட்டுவது யாரை? இஸ்திரி வண்டிக்காரரை, பூக்காரம்மாவை, முனையில் இளநீர் வெட்டுகிறவரை. காலையிலிருந்து இருட்டும் வரை தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களே அவர்கள்தான். எந்த வீட்டில் யார் ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனாலேயே சந்தேகம்! தெரிந்தவர் என்பதுதானே நமக்குக் காவல்?

சந்தேகம் முற்றினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று 2018-ல் வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்காகக் காரில் வந்த சென்னை மூதாட்டி ஒருவர், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கும்பல் அவரை அடித்தே கொன்றுவிட்டது. அடித்தவர்கள் யாரும் தொழில் குற்றவாளிகள் அல்ல. பயந்துபோன ஊர்க்காரர்கள்.

ஆகவே தூக்க மருந்துக்கு முன் சில காரியங்கள் இருக்கின்றன. தெருவில் நாலு பெண்கள் சேர்ந்து மாலையில் நடங்கள். எதிரே வருகிற வண்டி கண்ணில் படும்படி, சாலையின் வலது ஓரமாக நடந்தால் நல்லது. கைப்பை சுவர்ப் பக்கத் தோளில் இருக்கட்டும். எரியாத தெருவிளக்குக்குச் சென்னையில் 1913 என்ற மாநகராட்சி எண்ணில் புகார் சொல்லலாம். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனால் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். பக்கத்து வீட்டிலும் சொல்லுங்கள் (பேச்சு வார்த்தை இல்லையென்றால் இதுதான் ஆரம்பிக்க நல்ல சாக்கு). திருட்டுப் போனால் எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்டு வாங்குங்கள், புகார் கொடுத்தவருக்கு அது இலவசம். தனியாக இருக்கும் முதியவர்களின் போனில் 112 என்ற அவசர எண்ணையும், 14567 என்ற முதியோர் உதவி எண்ணையும் பெரிய எழுத்தில் பதிந்துகொடுங்கள்.

அமுக்கரா சூரணம் பாலில் கலந்து சாப்பிட நல்ல மருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் தைராய்டு மாத்திரையோ தூக்க மாத்திரையோ எடுத்துக்கொள்கிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இன்னும் ரெண்டு கேமரா வாங்கக் கை தூக்குவதற்கு முன், தெருமுனையில் ஒரு சிமென்ட் பெஞ்சு போடச் சொல்லிக் கேளுங்கள். முதுகு சாய்கிற மாதிரி, ரெண்டு பக்கமும் கைப்பிடி வைத்து. மூட்டு வலிக்காரர்கள் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டுமே!