சலுகையாகக் கேட்பதா, உரிமையாகக் கேட்பதா?



ரமளான் நெருங்கும்போது நம் மஹல்லாக்களில் வழக்கமாக ஒன்று நடக்கும். ஜமாஅத் நிர்வாகிகள் நால்வர் வார்டு உறுப்பினரைச் சந்திப்பார்கள். பள்ளிவாசல் முன்னுள்ள தெருவிளக்கு எரிய வேண்டும், சாக்கடை தூர்வாரப்பட வேண்டும், ஸஹர் நேரத்தில் தண்ணீர் வர வேண்டும் என்று கேட்பார்கள். பெரும்பாலும் வேலை நடந்துவிடும். ஜும்ஆவுக்குப் பின் நன்றியும் அறிவிக்கப்படும்.

நாமும் அவ்வாறே செய்தோம். ஓராண்டு பள்ளிவாசல் தெருவின் சாக்கடை தூர்வாரப்பட்டு, அள்ளிய கழிவு அடுத்த தெரு முனையில் குவிக்கப்பட்டது. மறுவாரம் பெய்த மழையில் அது முழுவதும் அந்தத் தெருவுக்குள் இறங்கியது. அங்கே வாடகைக்கு வசிக்கும் நம் ஏழைக் குடும்பங்களும் உண்டு, பிற சமயத்தவரும் உண்டு. அத்தெருவின் மூதாட்டி ஒருவர் நம்மிடம் கேட்டார்: “ஏன் பாய், முனிசிபாலிட்டி உங்க பள்ளிவாசலுக்கு மட்டும்தானா?” நம்மிடம் பதில் இல்லை.

பாதையில் இடர் தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். நம் வாசலில் இருந்த இடரை அண்டை வீட்டாரின் வாசலுக்கு நகர்த்துவது அதில் சேராது.

ஆகவே நம் கருத்து இதுதான்: ஊராட்சியையும் நகராட்சியையும் ஜமாஅத் தனித்து அணுகிச் சலுகை பெறுவதைக் காட்டிலும், தெருவில் வாழும் அனைவரோடும் குடியிருப்போராகச் சேர்ந்து, சபையில், எழுத்து மூலம் கேட்பதே மார்க்கத்துக்கும் நெருக்கமானது; நிலைத்த பயனும் தரும்.

சேர்ந்து கேட்பதற்கு நபிகளாரின் வாழ்விலேயே முன்மாதிரி உண்டு. நபித்துவத்துக்கு முன், மக்காவில் யமன் நாட்டு வணிகர் ஒருவரின் பொருளுக்கு விலை தரப்படாமல் அநீதி இழைக்கப்பட்டபோது, பல குலத்தார் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் கூடி, பாதிக்கப்பட்டவர் யாராயினும் அவருக்குத் துணை நிற்பதாக உடன்படிக்கை செய்தனர். அதுவே ஹில்ஃபுல் ஃபுளூல். அதில் பங்கேற்ற நபி (ஸல்) அவர்கள், இஸ்லாம் வந்த பின்னும் அத்தகைய ஒன்றுக்கு அழைக்கப்பட்டால் இணங்குவேன் என்றார்கள்.

எழுத்தின் அருமையையும் நாம் அறிவோம். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளுமாறு பணிக்கிறது. தெருக் குறையை மட்டும் நாம் ஏன் தொலைபேசியில் சொல்லி முடித்துவிடுகிறோம்?

அதற்கான வழிகள் சட்டத்திலேயே இருக்கின்றன. தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது. அவ்வூரின் வாக்காளர் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். நகரங்களிலும் 2022 முதல் பகுதி சபைகளும், வார்டு உறுப்பினர் தலைமையில் வார்டு குழுக்களும் அமைக்கப்பட்டுள்ளன. இச்சபைகளில் நம் மஹல்லாவிலிருந்து எத்தனை பேர் அமர்ந்திருக்கிறோம்?

“ஒரு போன் போதுமே, சபையில் உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது?” என்று சிலர் கேட்கக்கூடும். போனில் வேலை விரைவாக நடப்பது உண்மையே. ஆனால் ஆள் மாறினால் அந்தச் சலுகையும் போய்விடும். அதைவிடக் கவலைக்குரியது, தேர்தல் வரும்போது அச்சலுகைக்கு விலை கேட்கப்படுவது. அப்போது ஜமாஅத் என்னும் அமானிதம் வாக்குக் கணக்காகச் சுருங்கிவிடுகிறது. பதிவேட்டில் ஏறிய தீர்மானமோ ஆள் மாறினாலும் அங்கேயே இருக்கும். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு பெற்றிருந்தால், அதன் நிலை என்னவென்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். பொதுவாக 30 நாள்களுக்குள் பதில் தரப்பட வேண்டும்.

சகோதரிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டின் உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. குழாயில் தண்ணீர் எந்நேரம் வருகிறது, குப்பை வண்டி எத்தனை நாளாக வரவில்லை என்பதை முதலில் அறிபவர்களும் அவர்களே. அவர்களிடம் கேளாமல் ஆண்கள் மட்டும் எழுதும் மனு அரைகுறையாகவே இருக்கும்.

நிர்வாகிகளிடம் நாம் வேண்டுவது பெரிய காரியமன்று. சபை கூடும் நாளை முந்திய ஜும்ஆவில் அறிவியுங்கள். மனு எழுதுமுன் எல்லாத் தெருக்களையும் நடந்து பாருங்கள். அண்டை வீட்டாரின் கையொப்பத்தையும் பெறுங்கள். எந்தத் தெருவின் நிலை மோசமோ, அதை மனுவில் முதலாவதாக எழுதுங்கள். பள்ளிவாசல் தெரு அதன் முறை வரும்வரை காத்திருக்கட்டும்.

அம்மூதாட்டியின் கேள்விக்கு வாயால் சொல்லும் பதில் போதாது. அடுத்த மழைக்குள் அவர் தெருவின் சாக்கடை சீராவதே பதில். அதற்காக அவரோடு சேர்ந்து சபையில் அமர அல்லாஹ் நமக்கு அருள் புரிவானாக. ஆமீன்.