அண்டை அயலில் யாரேனும் உண்டா?

1895-ஆம் வருஷத்தில் பெர்ஸிவல் லோவல் என்னும் அமெரிக்கர் செவ்வாய்க் கிரகத்தைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அங்கே தெரியும் கோடுகளெல்லாம் கால்வாய்கள் என்றும், அவற்றை வெட்டியவர்கள் மகா புத்திசாலிகள் என்றும் சாதித்தார். 1965-ல் 'மாரினர் 4' என்னும் விண்கலம் அருகில் சென்று படம் பிடித்தது. கால்வாயையும் காணோம், வெட்டியவர்களையும் காணோம். குண்டும் குழியுமான வறண்ட நிலந்தான் தெரிந்தது.

ஆயினும் ஆசை விடவில்லை. இன்று வேறு நக்ஷத்திரங்களைச் சுற்றும் கிரகங்கள் ஆயிரக்கணக்கில் தெரிய வந்திருக்கின்றன. அவற்றில் எதிலாவது சிந்திக்கும் ஜீவன்கள் தோன்ற என்னென்ன வேண்டும்?

சரக்குக்குப் பஞ்சமில்லை. நக்ஷத்திரங்களில் என்னென்ன மூலப்பொருள்கள் உள்ளன என்பதை அவற்றின் ஒளியைக்கொண்டே கணிக்க வழிகாட்டியது, நம் மேகநாத ஸாஹா 1920-ல் கண்ட சூத்திரம். கரியும் பிராணவாயுவும் இரும்பும் அங்கேயும் உண்டு. ஜலமும், அளவான உஷ்ணமும் சேர்ந்தால் உயிர் தோன்றக்கூடும். அறிவு தோன்றுமா என்பது வேறு விஷயம்.

நாம் அறிந்த உதாரணம் பூமி ஒன்றுதான். அதன் வயது சுமார் 454 கோடி வருஷம். 350 கோடி வருஷங்களுக்கு முன்பே இங்கே உயிர் இருந்தது. ஆனால் அதன் பிறகு நெடுங்காலம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் ராஜ்யமே நடந்தது. பிராணிகள் தோன்றிச் சுமார் 60 கோடி வருஷம் ஆகியிருக்கலாம். நம் மனித ஜாதிக்கோ சுமார் 3 லக்ஷம் வருஷந்தான். (கடைசியாக வந்த விருந்தாளி வீட்டுப் பட்டாவைக் கேட்பதுபோல் நாம் நடந்து கொள்கிறோம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.) இத்தனை காலமும் சூரியன் நிதானமாக எரிந்தாக வேண்டும், சமுத்திரம் வற்றாதிருக்க வேண்டும். சூரியனைப்போல் பத்து மடங்கு பொருள் கொண்ட நக்ஷத்திரமோ சில கோடி வருஷங்களிலேயே தீர்ந்துவிடுகிறது.

இன்னொன்றும் வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்: அடுப்பு! டால்பினுக்குப் புத்தியில் குறைவில்லை. ஆனால் கடலுக்குள் அது எப்படித் தீ மூட்டும்? தீயின்றி உலோகத்தை உருக்குவது எங்கே? உலோகமின்றி ரேடியோ ஏது? உலர்ந்த தரை மட்டும் போதாது. காற்றில் பிராணவாயுவும் போதிய அளவு வேண்டும். இங்கே அது 100-க்கு 21 பங்கு. 15 பங்குக்குக் கீழே இறங்கினால் விறகு பற்றி எரியாது.

ஆகையால் பிரபஞ்சத்தில் பாசிகள் மலிந்திருக்கலாம். பேசுகிறவர்கள் அபூர்வம் என்றே நமக்குப் படுகிறது. இருந்தாலும், அவர்களும் நாமும் ஒரே காலத்தில் உயிரோடிருக்க வேண்டுமே! 1974-ல் அரிஸீபோ தொலைநோக்கியிலிருந்து ஹெர்குலிஸ் மண்டலத்து நக்ஷத்திரக் கூட்டம் ஒன்றுக்கு ரேடியோ செய்தி அனுப்பினார்கள். அது போய்ச் சேர ஏறக்குறைய 25,000 வருஷம். பதில் வர இன்னொரு 25,000. அதை வாங்கிக்கொள்ள அன்று இங்கே ஆள் இருக்கவேண்டும். செய்தியை அனுப்பிய நாளில், ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து 29 வருஷமே ஆகியிருந்தது.