ஒன்பது ரூபாய் பன்னிரண்டு அணா

படித்துப் பட்டம் வாங்கி உத்தியோகத்தில் அமர்ந்த பிள்ளை, திடீரென்று ஒருநாள் பெட்டியும் கையுமாக வீட்டு வாசலில் வந்து நின்று, "இந்த வேலை எனக்கு வேண்டாம், கதை எழுதப்போகிறேன்" என்று சொன்னால் தகப்பனார் என்ன சொல்வார்? கடல் கடந்து வந்து குடியேறி, பிள்ளைகளை டாக்டராகவும் எஞ்ஜினியராகவும் பார்க்க ஆசைப்படும் நம் குடும்பங்களில் இதற்குப் பதில் சொல்லவே வேண்டியதில்லை.

ஆனால் 1930-களின் தொடக்கத்தில் மைசூரில் குடியிருந்த ஒரு தமிழ்க் குடும்பத்தில் இது நடந்தது. தகப்பனார் பள்ளித் தலைமை ஆசிரியர். பிள்ளைக்குச் சென்னப்பட்டணத்து அரசாங்கப் பள்ளியில் ஆசிரியர் வேலை. பிள்ளை அதை விட்டுவிட்டு ஓடிவந்தார். தகப்பனார் திருப்பி அனுப்பிவைத்தார். மறுபடியும் விட்டுவிட்டு வந்தார். இரண்டாம் தடவைக்குப் பிறகு வீட்டில் யாரும் அவரை வற்புறுத்தவில்லை. கூட்டுக் குடும்பத்தில் ஓர் இலை கூடப்போட்டால் தெரியாது என்பார்கள். அந்த வீட்டில் அப்படித்தான் போட்டார்கள். அந்தப் பிள்ளைதான் பின்னாளில் ஆர். கே. நாராயண் என்று உலகம் அறிந்தவர்.

அவர் பிறந்தது 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதி, சென்னையில். வளர்ந்தது புரசைவாக்கத்தில் பாட்டியிடம். ஒரு மயிலும் ஒரு குரங்கும் அந்த வீட்டில் அவருக்குக் கூட்டாளிகள். வாய்ப்பாடு, சுலோகம், ராகம் கண்டுபிடிப்பது எல்லாம் பாட்டி கற்றுக்கொடுத்ததே. "குஞ்சப்பா" என்று கூப்பிட்டு வளர்த்தவரும் அவர்தான். ஆகவே நாவல் எழுதும் காரியத்திலும் பாட்டி இல்லாமல் ஆரம்பம் இல்லை. 1930 செப்டம்பரில், பெங்களூரில், பாட்டி பார்த்துச் சொன்ன நல்ல நாளில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிவந்து பிள்ளையார் சுழி போடுகிற மாதிரி எழுத உட்கார்ந்தார். என்ன எழுதுவது என்று பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தபோது, ஒரு சிறிய ரயில் நிலையமும் அதன் பிளாட்பாரத்தில் ஓடும் சுவாமிநாதன் என்ற பையனும் மனத்தில் தோன்றினார்களாம். மால்குடி என்ற ஊர் பிறந்தது அப்படித்தான்.

எழுத்துக்கு நாள் பார்த்துவிட்டார்கள் சரி; வருமானத்துக்கு யார் நாள் பார்ப்பது? முதல் வருஷம் எழுத்தில் அவர் சம்பாதித்தது ஒன்பது ரூபாய் பன்னிரண்டு அணா. அதுவும் கதைக்கு அல்ல. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கடல் சட்டங்களைப் பற்றிய ஒரு புத்தகத்துக்கு விமர்சனம் எழுதிக் கிடைத்த பணம்! மறு வருஷம் ஒரு சிறுகதைக்குப் பதினெட்டு ரூபாய். அதற்கடுத்த வருஷம் ஒரு குழந்தைக் கதைக்கு முப்பது ரூபாய். வளர்ச்சி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இந்த வருமானத்தை வைத்துக்கொண்டுதான் அவர் கல்யாணத்துக்கும் ஆசைப்பட்டார். 1933-இல் கோயம்புத்தூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வந்த ராஜத்தைக் கண்டார். அந்தக் காலத்தில் பெண் கேட்பது பெரியவர்கள் வேலை. இவரோ பெண்ணின் தகப்பனாரோடு தாமே போய்ப் பழகி, ஒருநாள் நேரிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார். ஜாதகம் பார்த்தார்கள். பிள்ளைக்கு ஏழாம் இடத்தில் செவ்வாய்! பெண்ணின் ஜாதகத்தில் அதற்கு ஈடான தோஷம் இல்லை. இந்தச் சம்பந்தம் ஆகாது என்றார்கள். உத்தியோகமும் இல்லை, ஜாதகமும் இல்லை. இருந்தாலும் பேசிப்பேசி, வேறு ஜோசியரையும் கேட்டு, கடைசியில் பெண் வீட்டார் இறங்கிவந்தார்கள். கல்யாணம் ஆயிற்று. (செவ்வாயைப் பற்றிப் பின்னால் யாரும் வாய் திறந்திருந்தால் அது இந்த மனிதரின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்பதை அன்பர்களே யோசித்துக்கொள்ளலாம்.)

கல்யாணமான பின் கையில் நாலு காசு வேண்டுமே! சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த "ஜஸ்டிஸ்" பத்திரிகைக்கு மைசூர் நிருபரானார். பிராமணரல்லாதார் இயக்கத்தின் பத்திரிகைக்கு ஓர் ஐயர் வீட்டுப் பிள்ளை நிருபர். அவரும் சிரித்துக்கொண்டேதான் இதைச் சொல்லியிருக்கிறார். காலையில் நடந்தே கிளம்பிக் கடைத்தெரு, கோர்ட்டு, போலீஸ் ஸ்டேஷன், முனிசிபல் ஆபீஸ் எல்லாம் சுற்றி, சாப்பாட்டு வேளைக்குள் எப்படியாவது பத்து அங்குலச் செய்தி சேர்த்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அவசர அவசரமாக இரண்டு வாய் சாப்பிட்டு, டைப்ரைட்டரில் தட்டி, தபால் கட்டுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மாமியாரும் மற்றவர்களும் நிறைந்த வீட்டில் ராஜம் ஒருவராகக் கலந்துபோனார். ஊர் வம்பெல்லாம் அங்குலக் கணக்கில் விலையாகி வந்த அந்த வருஷங்கள்தான் அவருக்குக் குறையில்லாத வருஷங்கள்.

நாவல் என்ன ஆயிற்று? சீமைக்குப் போவதும் திரும்புவதுமாக இருந்தது. பதிப்பகங்கள் ஒவ்வொன்றாக வேண்டாம் என்றன. மைசூர் நண்பர் பூர்ணா அப்போது ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தால் கையெழுத்துப் பிரதி அவரிடம் போய்ச் சேரும்படி ஏற்பாடு. மனம் வெறுத்துப்போய், அதைக் கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடும்படி நாராயண் அவருக்கு எழுதினார். பூர்ணா நல்ல நண்பர், சொன்னதைச் செய்யவில்லை. பிரதியைக் கிரஹாம் கிரீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கிரீன் அப்போது இளம் எழுத்தாளர். மைசூரையும் பார்த்ததில்லை, நாராயணையும் பார்த்ததில்லை. படித்துவிட்டுத் தாமே பதிப்பகத்தாரிடம் பேசினார். நாவலை எடுத்துக்கொண்டார்கள், கிரீன்தான் காரணம் என்று பூர்ணாவிடமிருந்து தந்தி வந்தது.

1935 அக்டோபரில் லண்டனில் ஹாமிஷ் ஹாமில்டன் அதை வெளியிட்டார். நாராயணஸ்வாமி என்ற நீளமான பேரைச் சுருக்கச் சொன்னவரும், புத்தகத்தின் தலைப்பை "ஸ்வாமி அண்டு பிரண்ட்ஸ்" என்று மாற்றியவரும் கிரீனே. ஆசிரியர் பேரிலிருந்து இறங்கிய "ஸ்வாமி" தலைப்பில் ஏறிக்கொண்டார்! விமர்சகர்கள் பாராட்டினார்கள், புத்தகம் விற்கவில்லை. அதனால் நிருபர் வேலையும் நிற்கவில்லை, வீட்டில் இலை போடுவதும் நிற்கவில்லை. பெண் குழந்தையும் பிறந்தது. 1937-இல் தகப்பனார் காலமானார். பிள்ளை இரண்டு முறை வேலையை விட்டு ஓடிவந்ததற்குப் பலனாக ஒரு புத்தகத்தையாவது அச்சில் பார்த்துவிட்டுப் போனார் என்பது சிறிய ஆறுதல்.

1939-இல் ராஜத்துக்கு டைபாய்டு கண்டது. இன்று மாத்திரையில் குணமாகும் காய்ச்சலுக்கு அன்று மருந்து கிடையாது. ஜூன் மாதத்தில் அவர் போய்விட்டார். குழந்தைக்கு வயது மூன்று.

நாராயண் மறுமணம் செய்துகொள்ளவில்லை. வெகுநாள் பேனாவைத் தொடவில்லை. குழந்தையும் அந்தப் பெரிய குடும்பமும்தான் அவரை நிறுத்திவைத்தன. பிறகு, புது மனைவியோடும் சிறு குழந்தையோடும் குடித்தனம் செய்யும் ஒரு கல்லூரி ஆசிரியரின் கதையாக, தம் வீட்டுச் சந்தோஷத்தையும் துக்கத்தையும் எழுதினார். "தி இங்கிலீஷ் டீச்சர்" என்ற அந்த நாவல் 1945-இல் வந்தது. அதை ராஜத்துக்குச் சமர்ப்பித்திருந்தார்.

மகளை வளர்த்து 1956-இல் கல்யாணம் செய்துகொடுத்தார். அதன் பிறகே அவர் முதல் தடவையாகக் கடல் கடந்தார். அந்தப் பயணத்தில் லண்டனில் கிரஹாம் கிரீனை நேரில் கண்டார். தேம்ஸில் மூழ்கியிருக்க வேண்டிய நோட்டுப் புத்தகம் அந்த ஊருக்கு வந்துசேர்ந்து அப்போது இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.