சந்தாவுக்குள் அடைபட்ட ஆட்டம்

1968 மே 11. லண்டன் வெம்பிளி மைதானம். கொட்டித் தீர்த்த மழையில் புல்தரை குளமாகிக் கிடந்தது. ரக்பி லீக் சேலஞ்ச் கோப்பையின் இறுதி ஆட்டம், கடைசி நிமிடம். லீட்ஸ் 11, வேக்ஃபீல்டு டிரினிட்டி 7. வேக்ஃபீல்டு வீரர் ஒருவர் தேங்கிய தண்ணீரில் பந்தைக் காலால் தட்டிக்கொண்டே ஓடி, கம்பங்களுக்கு நேராக, எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்தி டிரை எடுத்துவிட்டார். 11-10. இனி ஒரே ஒரு உதை. அது கம்பங்களுக்கு நடுவே போனால் இரண்டு புள்ளி, கோப்பை வேக்ஃபீல்டுக்கு. டான் ஃபாக்ஸ் பந்தை ஈர மண்ணில் நிறுத்தினார். ஓடி வந்தார். உதைக்கும் நொடியில் கால் வழுக்கியது, பந்து வலப்பக்கம் விலகிப் போயிற்று. அன்றைய சிறந்த ஆட்டக்காரர் அவர்தான் என்று அதற்குள் முடிவாகியிருந்தது. அவரோ சேற்றில் மண்டியிட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

பிபிசி வர்ணனையாளர் எடி வாரிங்குக்கு அந்த நொடியில் புள்ளிக் கணக்கைவிட அந்த மனிதர்தான் பெரிதாகத் தெரிந்தார். அவர் இரங்கிச் சொன்ன ஓரிரு சொற்கள் நாடு முழுக்க வீட்டுக் கூடங்களில் கேட்டன. ரக்பி லீக் என்றால் என்னவென்றே அறியாத தென் இங்கிலாந்துக்காரர்களும் அந்த உதையைப் பார்த்தார்கள், மறக்கவில்லை. அதைப் பார்க்க யாரும் தனியாகச் சந்தா கட்டவில்லை.

இந்த ஆட்டம் பிறந்த கதையே காசைப் பற்றியதுதான். வட இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளிகளும் ஆலைத் தொழிலாளிகளும் சனிக்கிழமை ரக்பி ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். இழந்த கூலியைக் கிளப்புகள் ஈடுகட்டலாமா என்று கேட்டபோது, வசதி படைத்தவர்களின் கையில் இருந்த ரக்பி நிர்வாகம் முடியாது என்றது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு ஊரின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடக்கத்திக் கிளப்புகள் தனி அமைப்பு கண்டன. அதுதான் பின்னாளில் ரக்பி லீக் ஆயிற்று. ஒரு நாள் கூலிக்காகப் பிரிந்து வந்த ஆட்டத்தை, இன்று அதே ஊர்க்காரர்கள் பெரும்பாலும் மாதச் சந்தா கட்டித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒளிபரப்பு உரிமையை விற்பதில் தவறில்லை. ஆனால் ஆட்டம் முழுவதையும் கட்டணச் சுவருக்குள் அடைத்துவிட்டால், காலப்போக்கில் அந்த உரிமைக்கே விலை இல்லாமல் போகும். இங்கிலாந்தில் நடந்தது இதுதான்.

தொலைக்காட்சியை இந்த ஆட்டத்தின் பகை என்று சொல்லிவிட முடியாது. உறவு தொடங்கிய விதம் அழகானது. வனவிலங்குப் படங்களால் உலகம் அறிந்த டேவிட் அட்டன்பரோ, 1965-இல் பிபிசி 2 சேனலின் பொறுப்பாளராக இருந்தார். புதிய சேனலுக்குப் புதிய நிகழ்ச்சி வேண்டும். செவ்வாய்க்கிழமை இரவுகளில் மின்னொளியில் ஆடும் கோப்பைப் போட்டி ஒன்று அப்படித்தான் பிறந்தது. பிபிசி 2 ஃப்ளட்லிட் டிராஃபி என்று சேனலின் பெயரே கோப்பைக்கும் வைக்கப்பட்டது. அதில் சேர வேண்டுமானால் கிளப்பின் மைதானத்தில் மின்விளக்குக் கம்பங்கள் இருந்தாக வேண்டும். முதல் கோப்பையை வென்றது காசில்ஃபோர்டு. 1979 வரை இந்தப் போட்டி நடந்தது.

இந்தக் கோப்பை தொடங்கிய அடுத்த ஆண்டு அதில் நடந்த ஒரு சோதனை, ரக்பி லீக்கையே மாற்றியது. அதுவரை பந்தை வைத்திருக்கும் அணி எத்தனை முறை மடக்கப்பட்டாலும் பந்து அவர்களிடமே இருக்கும். முன்னிலை பெற்ற அணி பந்தை விடாமல் ஊர்ந்தே நேரத்தைக் கடத்திவிடலாம். 1966-இல் இந்தக் கோப்பையில்தான் நான்கு முறை மடக்கப்பட்டால் பந்து கைமாறும் என்ற விதி இங்கிலாந்தில் முதலில் பரிசோதிக்கப்பட்டது. பிறகு நான்கு ஆறாயிற்று. கிரிக்கெட்டில் ஓவருக்கு ஆறு பந்து போல, இங்கே ஒரு முறைக்கு ஆறு பிடி. ஆறாவது பிடி நெருங்கும்போது உதைக்கப் போகிறார்களா, ஓடப் போகிறார்களா என்று பார்ப்பவருக்குக் கை பரபரக்கும். தொலைக்காட்சிக்கென்றே செதுக்கியது போன்ற தாளம் அது. களத்துக்கும் அது நல்லதே செய்தது.

அந்தக் காலத்திலும் மனக்குறை இருந்தது. எடி வாரிங்கின் வட்டார உச்சரிப்பும் கோமாளித்தனமும் வடக்கத்தி மக்களைக் கேலிப்பொருளாக்குகின்றன என்று அந்த மக்களே 1970களில் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். அவர்களுடைய கோபத்தில் நியாயம் இருந்தது. கேமரா யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் ஆட்டத்துக்கு முகம் வரைகிறார். ஆனாலும் அந்த முகம் எல்லோர் வீட்டுக்கும் போய்க்கொண்டிருந்தது.

1995-இல் எல்லாம் தலைகீழானது. அதற்கான காரணம் இங்கிலாந்தில் இல்லை, ஆஸ்திரேலியாவில் இருந்தது. அங்கே கட்டணத் தொலைக்காட்சி அப்போதுதான் கால்பதிக்கிறது. மக்களைச் சந்தா கட்ட வைக்கச் சிட்னியிலும் பிரிஸ்பேனிலும் ரக்பி லீக்கைப் போலச் சரக்கு வேறில்லை. அதன் ஒளிபரப்பு உரிமை கெரி பாக்கரிடம் இருந்தது. 1977-இல் வேர்ல்டு சீரீஸ் கிரிக்கெட் நடத்தி, வண்ண உடையையும் இரவு ஆட்டத்தையும் கொண்டுவந்த அதே பாக்கர்தான். உரிமையை வாங்க முடியாத ரூபர்ட் முர்டாக்கின் நியூஸ் நிறுவனம், வீரர்களையும் கிளப்புகளையும் வாங்கப் புறப்பட்டது. (நம் வீட்டு விஜய் டிவி ஸ்டார் விஜய் ஆனதும் இதே முர்டாக் குழுமத்தின் கையில்தான்.) 1995 மார்ச் இறுதியில் இரவோடு இரவாக வீரர்களை அழைத்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். 1997-இல் ஒரே நாட்டில் இரண்டு போட்டித் தொடர்கள் நடந்தன, ஒன்றில் 12 அணிகள், மற்றதில் 10. ஒரே ஆட்டத்தின் ரசிகர்கள் இரண்டாகப் பிளந்து நின்றார்கள்.

அந்தச் சண்டையின் அலைதான் இங்கிலாந்தையும் அடித்தது. 1995 ஏப்ரலில் கிளப் தலைவர்கள் கூடினார்கள். முர்டாக் தரப்பு தந்த தொகை ஐந்தாண்டுக்கு 7.7 கோடி பவுண்டு. கடனில் தத்தளித்த கிளப்புகள் ஒரே நாளில் தலையாட்டிவிட்டன. ஒப்பந்தப்படி, நூறாண்டு காலம் குளிரிலும் சேற்றிலும் ஆடிய ஆட்டம் கோடைக்கு மாறும். சில ஊர் அணிகள் ஒன்றாக இணைக்கப்படும். காசில்ஃபோர்டு, வேக்ஃபீல்டு, ஃபெதர்ஸ்டன் மூன்றும் சேர்ந்து கால்டர் என்ற பெயரில் ஓர் அணி. ஹல் நகரின் இரண்டு பரம்பரைப் பகையாளிகளும் சேர்ந்து ஹம்பர்சைடு என்று இன்னோர் அணி.

ஃபெதர்ஸ்டன் என்பது சிறிய நிலக்கரி ஊர். பெரிய நகரங்களின் அணிகளை வீழ்த்தி 1967, 1973, 1983 என மூன்று முறை சேலஞ்ச் கோப்பையை வீட்டுக்குக் கொண்டுவந்த ஊர். 1980களின் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு சுரங்கம் மூடப்பட்டது. ஊர்ப் பெயரை வெளியுலகில் சொல்லிக்கொள்ள மிஞ்சியது அணி மட்டும்தான். அந்தப் பெயரையும் ஓர் ஆற்றின் பெயருக்குள் கரைக்கச் சொன்னார்கள். சனம் கொதித்தது. ஊர் ஊராகப் போராட்டம். இணைப்புத் திட்டம் கைவிடப்பட்டு, தொகை 8.7 கோடியாக உயர்ந்தது. அணி பிழைத்தது, ஆனால் சூப்பர் லீக் என்ற புதிய முதல்நிலைத் தொடரில் இடமில்லை. 1895-இல் தொடங்கிவைத்த ஊர்களான விட்னஸ், வேக்ஃபீல்டு, ஹல் ஆகியவற்றுக்கும் முதல் ஆண்டு இடமில்லை. இரண்டாம் பிரிவில் முதலிடம் பிடித்த கீத்லிக்கும் கதவு திறக்கவில்லை. 1996 மார்ச் 29 அன்று சூப்பர் லீக்கின் முதல் ஆட்டம் பாரிஸில் நடந்தது. பாரிஸ் சான் ஜெர்மான் என்ற பெயரில் புதிதாக உருவாக்கிய அணி ஷெஃபீல்டை 30-24 என வென்றது. அந்தப் பாரிஸ் அணி இரண்டே சீசனில் காணாமல் போயிற்று. வரைபடத்தில் புள்ளி வைத்து அணி உண்டாக்கினால் அவ்வளவுதான் ஆயுள்.

ஆஸ்திரேலியாவில் இதைவிடப் பெரிய கொடுமை நடந்தது. 1997 இறுதியில் சமாதானம் ஏற்பட்டு என்ஆர்எல் என்ற ஒரே தொடர் உருவானது. சமாதானத்தின் விலை, 2000-க்குள் அணிகள் 14 ஆகக் குறைய வேண்டும் என்பது. 1999 அக்டோபரில் வெட்டு விழுந்தது சவுத் சிட்னிக்கு. 1908-இல் தொடங்கிய அணி, 20 முறை சாம்பியன். ரெட்ஃபெர்ன் பகுதித் தொழிலாளிகளின், ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களின் அணி. ஆட்டக்காரர்கள் பிழைப்புக்காகத் தெருத்தெருவாக முயல் விற்றதால்தான் ராபிட்டோஸ் என்ற பெயர் வந்தது என்று வழிவழியாகச் சொல்வார்கள். கிளப் தலைவர் ஜார்ஜ் பிக்கின்ஸ் வழக்குப் போட்டார். 2000 நவம்பரில் சிட்னி வீதிகளில் சிவப்பும் பச்சையுமாகத் திரண்டவர்கள் சுமார் 80,000 பேர். பாட்டிமார் பின்னிய கழுத்துத்துணியோடு வந்தார்கள், எதிரணி ரசிகர்களும் தங்கள் அணி உடையிலேயே நடந்தார்கள். 2001 ஜூலையில் கூட்டாட்சி நீதிமன்றத்தின் முழு அமர்வு கிளப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2002-இல் அணி களத்துக்குத் திரும்பியது. 2003-இல் நாட்டின் தலைமை நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியபோதும், அணியை மறுபடி வெளியேற்றும் துணிவு யாருக்கும் வரவில்லை.

2014 அக்டோபர் 5. அதே சவுத் சிட்னி, 43 ஆண்டுகளுக்குப் பின் சாம்பியன். ஆட்டத்தின் முதல் மோதலிலேயே கன்ன எலும்பு முறிந்த சாம் பர்கஸ் கடைசிவரை ஆடி, ஆட்டநாயகன் பதக்கமும் வாங்கினார். அவர் பிறந்தது எடி வாரிங்கின் ஊரான ட்யூஸ்பரியில். ஒளிபரப்பு வரலாற்றில் பார்வையாளர்களை அள்ளித் தந்த இரவுகளில் ஒன்று அது. தொலைக்காட்சிச் சண்டையில் வேண்டாம் என்று வெட்டிய அணியே தொலைக்காட்சிக்கு அப்படியொரு கதையைத் தந்தது.

சரி, பணம் என்ன ஆயிற்று? சூப்பர் லீக் 1996 முதல் 2021 வரை, 26 சீசன்கள், நேரலையாகக் கட்டணச் சேனலில்தான் ஓடியது. அந்தச் சேனலான ஸ்கை ஸ்போர்ட்ஸ் அதை நன்றாகவே காட்டியது, மறுக்க முடியாது. முதல் சீசனிலேயே வீடியோ நடுவர் வந்தார். வீரர்கள் முழுநேரத் தொழில்முறைக்கு மாறினார்கள். ஆனால் சந்தா கட்டாத வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த வீரர்களின் முகமே தெரியவில்லை. ஒரு தலைமுறை இப்படிப் போயிற்று. விளைவு ஏலமேடையில் தெரிந்தது. 2021 வரை ஆண்டுக்குச் சுமார் 4 கோடி பவுண்டு தந்த ஸ்கை, 2022-இல் சுமார் 2.5 கோடிக்கு இறங்கியது. 2024-இல் தொடங்கிய மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அதைவிடவும் குறைவு. வாங்க ஒரே ஆள், ஆட்டத்தை அறிந்தவர்கள் எண்ணிக்கையும் சுருங்குகிறது என்றால், பேரம் பேசக் கையில் என்ன இருக்கும்?

கடலுக்கு அப்பால் கணக்கு வேறு. முக்கிய விளையாட்டுகளைக் கட்டணச் சேனல்கள் மொத்தமாக அள்ளிக்கொள்ள முடியாதபடி ஆஸ்திரேலியாவில் 1990களிலிருந்தே சட்டம் இருக்கிறது. என்ஆர்எல் ஆட்டங்களும், குயின்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸும் 1980 முதல் மோதும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜினும் அதன் பட்டியலில் உண்டு. 2024-இல் அந்தச் சட்டம் இணைய ஒளிபரப்பு நிறுவனங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. வாரத்தில் சில ஆட்டங்களும் ஆரிஜின் மூன்று இரவுகளும் கிராண்ட் ஃபைனலும் எல்லோருக்கும் இலவசம். மற்றவை கட்டணத்தில். இப்படிக் கதவைத் திறந்து வைத்தும் விலை விழவில்லை. 2013-17 காலத்துக்கு 102.5 கோடி ஆஸ்திரேலிய டாலர், 2018-22 காலத்துக்கு 180 கோடி. பப்புவா நியூ கினியில் ஆரிஜின் இரவன்று ஒரு திரையைச் சுற்றி ஊரே கூடிவிடும். அந்த நாட்டின் அணி 2028-இல் என்ஆர்எல்லில் சேரப் போகிறது.

தொலைக்காட்சிப் பணத்தை நம்பி இருப்பதன் வலி ஆஸ்திரேலியாவிலும் உண்டு. 2020 மார்ச்சில் கொரோனாவால் ஆட்டம் நின்றபோது, ஒளிபரப்புத் தொகை நின்றால் கிளப்புகளே மூழ்கிவிடும் நிலை. உலகம் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்க, மே 28 அன்று பிரிஸ்பேனில் ஆட்டம் மீண்டும் தொடங்கியது. நியூசிலாந்தின் வாரியர்ஸ் வீரர்கள் குடும்பத்தை விட்டுவிட்டு ஆஸ்திரேலியாவிலேயே தங்கி ஆடினார்கள். காலி இருக்கைகளுக்கு முன்னே மோதல். வீட்டில் பார்ப்பவர்களுக்கோ பதிவுசெய்த கூட்டத்தின் ஆரவாரம் ஸ்பீக்கரில் கேட்டது. டிரை விழுந்தால் ஒலி ஏறும், பிறகு இறங்கும். ஆட்டத்தை விட்டுவிட்டு ஓசையை மட்டும் கவனித்தவர்களுக்கு அது நெஞ்சை அடைத்திருக்கும்.

இங்கிலாந்தில் ஒரு சின்ன விடிவு தெரிகிறது. 2022 பிப்ரவரியில் சேனல் 4, லீட்ஸ்-வாரிங்டன் ஆட்டத்தை இலவசமாகக் காட்டியது. 2024 முதல் பிபிசி சீசனுக்கு 15 ஆட்டங்களைக் காட்ட ஒப்பந்தம் போட்டது. இது யாரும் போடும் பிச்சையாக இருக்கக் கூடாது, ஒப்பந்தத்தின் முதல் வரியாக இருக்க வேண்டும். வாரம் ஓர் ஆட்டமாவது இலவசத் திரைக்கு என்று ஒதுக்கிவிட்டு மீதியை விற்கட்டும். அதிகப் பணம் தருபவருக்கு அதிக ஆட்டங்கள் கொடுக்கட்டும், எந்த ஊருக்கு அணி இருக்கலாம் என்று சொல்லும் அதிகாரத்தைக் கொடுக்கக் கூடாது. 2023-இல் களத்தில் வென்று சூப்பர் லீக்குக்கு ஏறிய லண்டன் பிராங்கோஸ், சூப்பர் லீக் இடங்களை முடிவு செய்யும், பார்வையாளர் எண்ணிக்கையும் சேர்த்துப் போடும் தகுதிப் புள்ளிப் பட்டியலில் 24-ஆம் இடத்தில் இருந்ததால், ஓர் ஆட்டம் ஆடும் முன்பே அடுத்த ஆண்டு இடமில்லை என்ற நிலையில் சீசனைத் தொடங்கியது. இந்தத் தகுதிப் புள்ளி முறை மாற வேண்டும்.

அரசும் செய்ய ஒன்று இருக்கிறது. டான் ஃபாக்ஸின் கால் வழுக்கிய சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டம், பிரிட்டனில் இலவசச் சேனலில் நேரலையாகக் கிடைத்தாக வேண்டிய நிகழ்ச்சிகளின் பட்டியலில் இருக்கிறது. 1998 முதல் பெரும்பாலும் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் நடக்கும் சூப்பர் லீக் கிராண்ட் ஃபைனல் அந்தப் பட்டியலில் இல்லை. அதையும் சேர்த்துவிட்டால், அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை இரவில் ஃபெதர்ஸ்டனில் சந்தா கட்ட முடியாத ஒரு வீட்டுப் பிள்ளையும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஆட்டத்தைப் பார்க்கும்.