பனியனில் எழுதிய பெயரும் சம்பளப் பட்டியலும்

சைக்கிள் பந்தய சரித்திரத்தில் அதற்கு முன் நடவாத ஒன்று 2023-ம் ஆண்டு நடந்தது. இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின் ஆகிய மூன்று நாடுகளில் மும்மூன்று வாரம் நடைபெறும் மூன்று பெரும் பந்தயங்களையும் ஒரே அணி, மூன்று வெவ்வேறு வீரர்களைக் கொண்டு, ஒரே ஆண்டில் ஜெயித்தது. ஹாலந்து நாட்டைச் சேர்ந்த அந்த அணியின் பெயர் ஜம்போ-விஸ்மா. வெற்றி மாலை வாடுவதற்குள் ஒரு செய்தி வெளிவந்தது. அடுத்த ஆண்டுச் செலவுக்கு வழி தேடிக் கொண்டிருந்த அந்த அணியின் நிர்வாகிகள், தங்கள் பரம எதிரியான பெல்ஜிய அணி ஒன்றுடன் சேர்ந்து ஒன்றாகிவிடலாமா என்று பேச்சு நடத்திக் கொண்டிருந்தார்கள்!

அணிக்குப் பணம் கொடுத்து வந்த ஜம்போ என்பது பலசரக்குக் கடைகள் நடத்தும் கம்பெனி. அது விலகிக் கொள்வதாகச் சொல்லிவிட்டது. இணைப்புப் பேச்சு முறிந்தது. கடைசியில் சைக்கிள்களை மாத வாடகைக்கு விடும் கம்பெனி ஒன்று முன்வந்ததால் அணி பிழைத்தது. 2024 முதல் அதன் பெயர் விஸ்மா-லீஸ் எ பைக்.

உலகத்தையே ஜெயித்த அணிக்கு ஏன் இந்த நிலைமை? மற்ற விளையாட்டுக்களில் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இது விளங்கும். கால்பந்துக் குழுவுக்குச் சொந்த மைதானம் உண்டு; டிக்கெட் விற்கலாம். டெலிவிஷன் உரிமைப் பணத்தில் பங்கு உண்டு. நமது ஐ.பி.எல். கிரிக்கெட்டிலும் டெலிவிஷன் வருமானத்தில் ஒரு பங்கு அணிகளுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. சைக்கிள் பந்தயம் நடப்பதோ பொது ரஸ்தாவில். மலைச் சரிவில் முந்தின நாளே போய் இடம் பிடித்து உட்காருகிறவனிடம் யாரும் டிக்கெட் கேட்பதில்லை. டெலிவிஷன் பணம் பந்தயத்தை நடத்துகிறவருக்குப் போகிறது. பிரெஞ்சுப் பந்தயத்தை நடத்தும் அமோரி கம்பெனி பத்திரிகையும் நடத்துகிறது, பந்தயமும் நடத்துகிறது. பந்தயத்தின் பெயர் போட்ட தொப்பியும் பனியனும் கூட அதன் அனுமதியில்தான் விற்கப்படுகின்றன. அணிகளுக்கு அதில் பாத்தியதை இல்லை.

பரிசுப் பணம் இருக்கிறதே என்று கேட்கலாம். பிரெஞ்சுப் பந்தயத்தில் முதலாவதாக வருபவருக்கு 5 லட்சம் யூரோ. நம் பணத்தில் சுமார் 5 கோடி ரூபாய். வழக்கப்படி அதையும் சக வீரர்களும் ஊழியர்களும் பங்கிட்டுக் கொள்கிறார்கள். ஒரு பெரிய அணியின் ஆண்டுச் செலவோ 4 கோடி, 5 கோடி யூரோ வரை போகிறது. பரிசை நம்பிக் கணக்குப் போட்டால் பஸ்ஸுக்கு டீசல் போடக் கூடக் காணாது. ஆகவே செலவில் பெரும்பகுதியை உபயதாரர் ஒருவர்தான் ஏற்றாக வேண்டும். கோயில் டியூப் லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக் கொண்டு ‘உபயம்’ என்று எழுதியிருப்பதைப் பார்க்கிறோம் அல்லவா? இங்கே வீரனே டியூப் லைட். நெஞ்சிலும் முதுகிலும் தோளிலும் தொடையிலும் எழுத்து. அணியின் பெயரே உபயதாரரின் பெயர்தான்.

விளம்பரம் இந்த விளையாட்டில் பிற்காலத்தில் வந்து புகுந்ததல்ல; அதனோடு கூடவே பிறந்தது. 1903-ல் முதல் பிரெஞ்சுப் பந்தயத்தை நடத்தியது ‘லோட்டோ’ என்ற விளையாட்டுப் பத்திரிகை. போட்டிப் பத்திரிகையை மிஞ்சி விற்பனையைப் பெருக்கவே அது நடத்தியது; பெருகவும் செய்தது. அந்தப் பத்திரிகை மஞ்சள் காகிதத்தில் அச்சாகி வந்தது. 1919-ல் முன்னணியில் இருப்பவருக்கு அடையாளமாக மஞ்சள் பனியன் கொடுக்கத் தொடங்கினார்கள். பத்திரிகையின் நிறம்தான் பனியனின் நிறம் என்று சொல்லப்படுவது வழக்கம்.

ஆரம்பத்தில் அணிகளை நடத்தியவர்கள் சைக்கிள் கம்பெனிக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெயித்த சைக்கிளைத் திங்கட்கிழமை கடையில் விற்றார்கள். இவர்கள் செய்த சூழ்ச்சிகளைச் சகிக்க மாட்டாமல், பந்தயத்தின் கர்த்தாவான ஹென்றி டெக்ராஞ்ச் 1930-ல் கம்பெனி அணிகளை ஒழித்துத் தேசிய அணிகளைக் கொண்டு வந்தார். செலவு தன் தலையில் விழுந்ததும் என்ன செய்தார்? பந்தயத்துக்கு முன்னால் விளம்பர வண்டிகள் ஊர்வலமாகப் போகலாம், கட்டணம் கட்டினால் போதும் என்றார். சாக்லேட் கம்பெனி வண்டியிலிருந்து வழியெங்கும் சாக்லேட்டை வாரி இறைத்தது. அந்த ஊர்வலம் இன்றும் நடக்கிறது.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் ஸ்கூட்டரும் சிறிய காரும் வந்தன. ஐரோப்பாவில் சைக்கிள் விற்பனை படுத்தது. அணிகளுக்குக் கொடுக்கக் கம்பெனிகளிடம் பணம் இல்லை. 1954-ல் பியரென்சோ மாக்னி என்ற இத்தாலிய வீரர், முகத்துக்குப் பூசும் நிவியா கிரீமைப் பிடித்தார். சைக்கிளுக்கும் கிரீமுக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இல்லாததுதான் விசேஷம். பிரான்ஸில் ரபயேல் ஜெமினியானி என்பவர் ‘செயின்ட் ரபயேல்’ என்ற மதுபானக் கம்பெனியின் பணத்தில் அணி நடத்தினார். அதிகாரிகள் ஆட்சேபித்தபோது, “அது மதுவின் பெயரல்ல, என் பெயர்” என்கிற விதத்தில் அவர் சாதித்ததாக ஒரு கதை உண்டு. 1962-ல் பிரெஞ்சுப் பந்தயத்திலேயே கம்பெனி அணிகள் மறுபடி நுழைந்தன. இந்த விளையாட்டில் ஒப்பாரில்லாத எட்டி மெர்க்ஸ் காப்பி மெஷின் கம்பெனிக்காக ஓட்டினார். பிறகு இறைச்சிக் கம்பெனிக்காக ஓட்டினார்.

இந்த ஏற்பாட்டில் ஆதாயம் இல்லாமல் இல்லை. விளம்பரப் பலகைக்கு வாடகை கொடுத்தால் அது ஓரிடத்தில் நிற்கும். இங்கே பலகை மூன்று வாரம் தேசம் முழுவதும் ஓடுகிறது, டெலிவிஷனிலும் வருகிறது. பெயரை உச்சரிக்காமல் செய்தி வாசிக்கவே முடியாது. ஆனால் ஊக்க மருந்து அகப்பட்டாலும் அதே பெயர்தான் வாசிக்கப்படும். 2007-ல் ஜெர்மன் டெலிபோன் கம்பெனி டி-மொபைல் இதனால் கை கழுவியது. லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் பட்டங்கள் பறிக்கப்பட்ட 2012-ல், 17 ஆண்டுகளாக அணி நடத்தி வந்த ஹாலந்தின் ரபோபாங்க் விலகியது. ஒப்பந்தம் பாக்கி இருந்ததால் பணம் மட்டும் கொடுத்தது. பெயர் வேண்டாம் என்றது. 2013 தொடக்கத்தில் அந்த அணி ‘பிளாங்கோ’ என்று பெயர் வைத்துக் கொண்டு ஓடியது. அதாவது, வெற்று. பணம் கொடுத்தவர் பெயரை மறைக்கச் சொல்லிக் கேட்பது வியாபார உலகில் அபூர்வமான காட்சி.

இந்த அணிதான் முதலில் சொன்ன ஜம்போ-விஸ்மா. 1984-ல் குவாண்டம் என்று ஆரம்பித்து, சூப்பர்கான்ஃபெக்ஸ், பக்லர், வேர்ட்பெர்ஃபெக்ட், நாவெல், ரபோபாங்க், பிளாங்கோ, பெல்கின், லாட்டோஎன்எல்-ஜம்போ, ஜம்போ-விஸ்மா, விஸ்மா என்று 40 ஆண்டுகளில் 11 பெயர்கள். வீட்டு சாமான் கடை, பீர், கம்ப்யூட்டர், பாங்கு, லாட்டரி, பலசரக்கு எல்லாம் வந்து போயின. ரசிகன் எந்தப் பனியனை வாங்கி வைத்துக் கொள்வான்?

ரசிகர்களிடம் பனியன் விற்றுப் பிழைக்கலாமே என்ற யோசனை முட்டிக் கொள்ளும் இடம் இதுதான். மான்செஸ்டர் யுனைடெட் ரசிகருக்கு அப்பா காலத்துப் பெயரும் நிறமும் மாறவில்லை. சைக்கிள் ரசிகர் வீரனிடமோ தேசத்திடமோ பற்று வைக்கிறாரே தவிர, அணியிடம் வைப்பது குறைவு. போதாததற்கு, பொதுவான ஏற்பாட்டின்படி துணிக் கம்பெனி அணிக்கு உடுப்பையும் ஒரு தொகையையும் கொடுத்து, அதே மாதிரிப் பனியன்களைத் தானே தைத்து விற்றுக் கொள்கிறது. சைக்கிள் கம்பெனியும் அப்படியே. வசதியுள்ளவர்கள் லட்சக்கணக்கில் கொடுத்து அதே மாடலை வாங்குகிறார்கள். அணிக்குக் கிடைப்பது ஒப்பந்தத் தொகையும் ராயல்டியும். 2020 இத்தாலியப் பந்தயத்துக்கு ஈ.எஃப். அணி வாத்துப் படம் போட்ட ஒரு விநோதப் பனியன் அணிந்தது. உடுப்பு விதியை மீறியதாக அபராதம் விழுந்தது. கடையில் பனியன் சீக்கிரத்தில் விற்றுத் தீர்ந்தது. ஆனால் ஒரு வாத்து எத்தனை வருஷம் சம்பளம் போடும்?

இரவு பகலாகக் கீழே இறங்காமல் மைதானத்தில் சைக்கிள் சுற்றும் ஆட்களை நம் ஊர்களில் பார்த்தவர்கள் நம்மில் பலர். ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்துவார்கள். கொடுத்தவர் பெயர் ஒலிபெருக்கியில் வரும். மேற்படி ஈ.எஃப். அணியே, வேறு பெயரில் இருந்த 2017-ல், ஏறக்குறைய இதைத்தான் செய்தது. ஜூலையில் அதன் வீரர் ரிகோபெர்டோ உரான் பிரெஞ்சுப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார். ஆகஸ்டில் ஓர் உபயதாரர் கை விரிக்க, 70 லட்சம் டாலர் துண்டு விழுந்தது. ரசிகர்களிடம் பகிரங்கமாக நன்கொடை கேட்டார்கள். வந்தது 5 லட்சம் டாலருக்குச் சற்று அதிகம். அன்பு கொஞ்சமல்ல, ஆனால் தேவையில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. ஈ.எஃப். கல்விக் கம்பெனி அணியையே எடுத்துக் கொண்ட பிறகுதான் மூச்சு வந்தது.

ரசிகர் பலத்தில் நிமிர்ந்து நின்ற அணி ஒன்று உண்டு என்றால், அது ஸ்பெயினின் பாஸ்க் பிரதேசத்து அணி. 1994-ல் உறுப்பினர் சந்தாவை ஆதாரமாக வைத்துத் தொடங்கினார்கள். ஆரஞ்சு நிறப் பனியன். பிரெனே மலைகளில் வழியின் இரு பக்கமும் ஆரஞ்சு வெள்ளமாக ஜனங்கள். தாய்மொழியும் மண்ணும் சேர்ந்தால் பனியன் விற்கும் என்பதை வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. அவர்களுக்கும் கூட எவுஸ்கால்டெல் என்ற டெலிபோன் கம்பெனி தேவைப்பட்டது. அது விலகியதும் 2013-ல் அணி மூடப்பட்டது. மோட்டார் பந்தய வீரர் பெர்னாண்டோ அலோன்சோ வாங்கப் போவதாக எழுந்த நம்பிக்கையும் பொய்த்தது. சிறிய அளவில் அந்த ஆரஞ்சுப் பனியனை மறுபடி உயிர்ப்பித்தார்கள். 2020-ல் பழைய கம்பெனியும் திரும்பி வந்தது.

இதையெல்லாம் வீரர்களின் கதையாக மட்டும் பார்ப்பது தவறு. முன்னணியில் இருப்பவனுக்கு வேறு அணி கிடைத்துவிடும். ஓர் அணியில் மெக்கானிக், கால் பிடித்துவிடுகிறவர், சமையல்காரர், பஸ் டிரைவர், ஆபீஸ் குமாஸ்தா என்று நிறையப் பேர் இருக்கிறார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது சி.சி.சி. என்ற போலந்து செருப்புக் கம்பெனியின் கடைகள் மூடின. அணி ஊழியர்களில் பெரும்பாலோரைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள், வீரர்களுக்குச் சம்பளத்தை வெட்டினார்கள். ஆண்டு முடிவில் அணியே இல்லை. 2022-ல் பிரான்ஸின் பி அண்டு பி ஹோட்டல்ஸ் அணி டிசம்பர் மாதத்தில் கடையைக் கட்டியது. புது வருஷத்துக்கு வேறு இடம் தேட இருந்தவை சில வாரங்கள்தான். மில் கேட்டில் நோட்டீஸ் ஒட்டிய நாளை அறிந்த பம்பாய்க்காரர்களுக்கு இது புரியும். சர்வதேச சைக்கிள் யூனியன் ஒரு காபந்து வைத்திருக்கிறது: முதல் தர அணி ஒவ்வொன்றும் மூன்று மாதச் சம்பளத்துக்கு ஈடான பாங்கு காரண்டி கட்ட வேண்டும். நல்ல விதிதான். நாலாவது மாதத்துக்கு அதில் பதில் இல்லை.

கம்பெனிகள் தயங்கும் இடத்தில் இப்போது அரசாங்கங்கள் வருகின்றன. ஐக்கிய அரபு நாடுகளின் பெயரில் ஓர் அணி, பஹ்ரைன் பெயரில் ஒன்று. எண்ணெய்ப் பணத்துக்கு லாப நஷ்டக் கணக்கு இல்லை. ஆனால் அரசியல் உண்டு. 2025 ஸ்பெயின் பந்தயத்தில் இஸ்ரேல் பெயர் தாங்கிய அணிக்கு எதிராக எழுந்த ஆர்ப்பாட்டங்களால் மாட்ரிடில் கடைசி நாள் பந்தயமே பாதியில் நின்றது. கூட்டு உபயதாரர் விலகினார். 2026-ல் அணி வேறு பெயரில் வந்தது. அதே 2025 இறுதியில் பிரான்ஸின் அர்க்கேயா அணி மூடப்பட்டது. பெல்ஜியத்தில் லாட்டோ, இன்டர்மார்ஷே என்ற இரண்டு அணிகள் ஒன்றாயின. இரண்டு அணிக்கு இருந்த வேலைகள் ஓர் அணியில் இருக்கப் போவதில்லை.

நம் நாட்டு நிலைமையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். இந்தியக் கிரிக்கெட் பனியனில் இருந்த ட்ரீம் லெவன், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025-ல் தடைச் சட்டம் வந்ததும் விலகியது. ஆசியக் கோப்பையில் ஸ்பான்சர் பெயர் இல்லாமலே ஆடினார்கள். பிறகு அப்போலோ டயர்ஸ் வந்தது. இதனால் யாருக்கும் சம்பளம் நிற்கவில்லை. டெலிவிஷன் உரிமை போர்டின் கையில் இருக்கிறது.

சைக்கிள் அணிகள் கேட்பதும் அந்த டெலிவிஷன் பணத்தில் ஒரு பங்குதான். பல அணிகளும் சில பந்தய நிர்வாகிகளும் சேர்ந்து, வெளி முதலீட்டுடன் ‘ஒன் சைக்கிளிங்’ என்ற திட்டம் ஒன்றை வகுத்தார்கள். 2025 ஜூனில் சர்வதேச யூனியன் அதை நிராகரித்தது. திட்டத்தில் குறைகள் இருந்திருக்கலாம். ஆயினும் அதற்குப் பதிலாக யூனியனோ அமோரி கம்பெனியோ அணிகளின் முன் என்ன வைத்திருக்கின்றன என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதுவரை ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அணி மானேஜர்கள் கைப்பெட்டியுடன் கம்பெனி வாசல்களில் காத்திருக்கத்தான் வேண்டும்.